இரசிகர் நெஞ்சில் லாபீர்



பாடகன் மறைந்தாலும் அவன் பாட்டு இசைத்தட்டில் இருக்கிறது. சிற்பி மறைந்தாலும் அவன் செதுக்கிய கல் நிற்கிறது. புலவன் மறைந்தாலும் ஏடு பேசுகிறது. விளையாட்டு வீரனின் நிலை வேறு. அவனுடைய கலை நிகழ்ந்த கணத்திலேயே மறைந்துவிடுவது. படக்கருவி எங்கும் பரவுவதற்கு முன் வாழ்ந்த வீரனுக்கு, அவன் ஆடக் கண்டவர்களின் நினைவே ஏடு; அதுவே இசைத்தட்டு; அதுவே சிலை. அந்த நினைவு எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு அழிகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு மர்ஹூம் எம். ஜே. எம். லாபீர் அவர்களின் புகழ் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

இலங்கை விளையாட்டு வரலாற்றில் சில ஆண்டுகள் பொன்னெழுத்துக்கு உரியவை. 1948இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில் டங்கன் வைட் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். 1996இல் இலங்கைக் கிரிக்கெட் அணி லாகூரில் உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இவற்றுள் கடைசியாகக் கூறியதைப் பள்ளிச் சிறுவன் எவனும் தடையின்றிச் சொல்வான். ஆயினும், உலக வெற்றிவீரர் என்னும் பட்டத்தை ஓர் இலங்கையர் முதன்முதலாகப் பெற்றது எப்போது என்று அதே சிறுவனிடம் கேட்டால், அவன் சற்றே திகைக்கக்கூடும். அதற்கு விடை 1973ஆம் ஆண்டு. இடம் பம்பாய். விளையாட்டு பில்லியட்ஸ். வீரர் லாபீர். கிரிக்கெட் கிண்ணம் வந்து சேர்வதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னரே உலக அரங்கில் இந்நாட்டின் பெயர் முதலிடத்தில் எழுதப்பட்டுவிட்டது.

கல்முனைக்குத் தெற்கே, காரைதீவைக் கடந்தால் நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே வயல். கபடியில் பெயர் பெற்ற ஊர் அது. கரம் பலகை இல்லாத தெரு அங்கே இராது. பில்லியட்ஸ் மேசையைக் கண்ணால் கண்டவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்முனைக் கரையின் மற்ற ஊர்களும் இவ்வாறானவையே. 1973இல் இலங்கையில் தொலைக்காட்சியும் இல்லை. எனவே பம்பாய்ச் செய்தி இவ்வூர்களுக்கு வந்த வழிகள் இரண்டே. ஒன்று வானொலி, மற்றொன்று கொழும்பிலிருந்து வரும் பத்திரிகை. காணாத மேசையில், அறியாத விதிகளின்படி, கடல் கடந்த ஊரில் ஒருவர் பெற்ற வெற்றியைச் செவி வழியாகவே கேட்டு மகிழ்ந்த தலைமுறை அது.

அந்த மகிழ்ச்சியின் அளவைத் தெரிந்துகொள்ள விளையாட்டின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கரம் ஆடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கரம் பலகையின் ஆடுதளம் 29 அங்குலச் சதுரம். பில்லியட்ஸ் மேசையோ ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. பச்சைத் துணி விரித்த அதன் ஓரங்களில் ஆறு பைகள் உள்ளன. பந்துகள் மூன்றே. ஒன்று சிவப்பு, மற்ற இரண்டும் ஆடுவோர் இருவருக்கும் ஒவ்வொன்று. விரலுக்குப் பதிலாக நீண்ட கோல். தன் பந்தினால் மற்ற இரு பந்துகளையும் ஒரே அடியில் தொட்டால் இரண்டு புள்ளி. சிவப்புப் பந்தைப் பையில் வீழ்த்தினால் மூன்று புள்ளி. கரம் ஆட்டத்தில் அடிக்கும் காயே குழியில் வீழ்ந்தால் தண்டனை உண்டல்லவா? இங்கே அதற்கு நேர்மாறு. வேறொரு பந்தைத் தொட்டபின் தன் பந்து பையில் வீழ்ந்தால் அதற்கும் புள்ளி உண்டு. புள்ளி பெறும் வரை ஆடுபவர் தொடர்ந்து ஆடலாம். தவறினால் கோல் எதிரியின் முறைக்குப் போய்விடும்.

இப்போது லாபீரின் கணக்கைப் பார்க்கலாம். பம்பாய்ப் போட்டியில் அவர் ஒரே முறையில், இடையில் தவறாமல், பெற்ற புள்ளிகள் 859. ஓர் அடிக்கு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று புள்ளிகள்தாம் கிடைக்கும். அப்படியாயின் ஏறத்தாழ முந்நூறு தடவையோ அதற்கு மேலோ அவர் பிழையின்றி அடித்திருத்தல் வேண்டும். ஒவ்வோர் அடியும் இன்றைய புள்ளியைத் தந்தால் மட்டும் போதாது. அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் மூன்று பந்துகளையும் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டும். நெல் விதைக்கும்போதே அடுத்த போகத்தையும் எண்ணும் உழவனின் முன்யோசனை இதற்குத் தேவை. அவ்வளவு நேரமும் எதிரி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் போட்டியில் இரண்டாமிடம் இந்திய வீரர் சதீஷ் மோகனுக்குக் கிடைத்தது.

இத்தகைய ஆட்டத்தை இரசிகன் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறான்? உதைபந்தாட்டத்தில் ஆரவாரம் உண்டு. கிரிக்கெட்டில் பந்து எல்லையைக் கடக்கும் காட்சி உண்டு. பில்லியட்ஸ் மண்டபத்திலோ மௌனமே ஆட்சி செய்கிறது. பந்தும் பந்தும் மோதும் சிற்றொலி, அதன்பின் புள்ளியைக் கூறும் நடுவரின் குரல், மீண்டும் மௌனம். வானொலியில் வருணிப்பதற்கு இதைப்போலக் கடினமான விளையாட்டு வேறில்லை. எனவே நேரில் பார்த்தவரின் நினைவில் நிற்பது ஆடுபவர் நிற்கும் நிலை, குனியும் பாங்கு, கோலைப் பிடிக்கும் கை. கேட்டவரின் நினைவில் நிற்பதோ ஓர் எண். 859 என்னும் அந்த எண்ணே, மேசையைக் காணாதவர்களுக்கு லாபீரின் முகமாகிவிட்டது.

இங்கே ஒரு தடையையும் மறைக்காமல் கூறவேண்டும். பில்லியட்ஸ் மண்டபம் என்றால் முகம் சுளித்த பெரியோர் முஸ்லிம் ஊர்களில் இருந்தனர். அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பூல் என்னும் விளையாட்டின் பெயரே, ஆடுவோர் பந்தயப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து வைப்பதிலிருந்து வந்தது. மேசை எங்கோ, அங்கே சூதும் என்று பல நாடுகளில் மக்கள் எண்ணினர். ஆயினும் லாபீர் வென்றது தொழில்முறைப் பணப் பந்தயம் அன்று. தொழில்முறை சாராத வீரர்களுக்குரிய உலகப் போட்டி. விளையாட்டு வேறு, சூது வேறு என்பதைப் பெரியோர்க்கும் ஒப்புக்கொள்ளக்கூடியதாக ஆக்கியது இத்தகைய வெற்றியே. மேலும் இவ்விளையாட்டுக்கு ஓர் அழகிய மரபு உண்டு. நடுவர் காணாத பிழையையும் ஆடியவரே முன்வந்து ஒப்புக்கொண்டு தன் முறையை விட்டுக்கொடுப்பார். நல்ல இரசிகர்கள் புள்ளிகளோடு சேர்த்து இந்த நேர்மையையும் நினைவில் வைக்கிறார்கள்.

வேறொரு வியப்பும் உண்டு. தனிமனிதர் விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக வெற்றிவீரர் வில்சன் ஜோன்ஸ். அவர் 1958இல் கல்கத்தாவில் வென்றதும் இதே பில்லியட்ஸ் பட்டமே. அண்டை நாடுகள் இரண்டுக்கும் உலகப் பட்டத்தின் கதவு ஒரே பச்சை மேசையில் திறந்தது. ஆங்கிலேயர் தம் மன்றங்களில் பொழுதுபோக்க வைத்த விளையாட்டு இது. இதன் உடன்பிறப்பாகிய ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் படைவீரர்களிடையே பிறந்து, நீலகிரியில் உதகமண்டல மன்றத்தில் விதி வகுக்கப்பெற்றது என்பது வரலாறு. ஆண்டவர் கொண்டுவந்த கோலை ஆளப்பட்டவர் கையிலெடுத்து உலகை வென்றனர். 1967இல் உலகப் போட்டி கொழும்பிலேயே நடந்தது. அப்போது பட்டத்தைப் பெற்றுச் சென்றவர் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்ட். ஆறு ஆண்டுகளின் பின் பம்பாயில் அப்பட்டம் ஓர் இலங்கையரின் கைக்கு வந்தபோது, இரசிகர்கள் அதனைத் தம் சொந்த வெற்றியாகவே கொண்டாடியது இயல்பே.

மற்ற நாடுகளின் இரசிகர்களும் இவ்வாறுதான் தம் வீரர்களைக் காத்து வருகின்றனர். அமெரிக்காவின் பூல் வீரர் வில்லி மொஸ்கோனி 1954இல் ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் பையில் வீழ்த்தினார். பின்வரும் தலைமுறை இதனை நம்புமோ என்று ஐயுற்றதனாற் போலும், அங்கிருந்து பார்த்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சத்தியக் கடதாசியில் கையொப்பமிட்டு வைத்தனர். இரசிகர்கள் சாட்சிகளாக மாறிய அரிய நிகழ்ச்சி அது. இளமையில் தந்தையார் கோல்களைப் பூட்டி வைக்க, மொஸ்கோனி துடைப்பக் கட்டையும் உருளைக்கிழங்கும் கொண்டு பழகினார் என்ற கதையும் அவர் பெயரோடு சேர்ந்தே உலவுகிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களோ எஃப்ரன் ரேயஸ் என்னும் பூல் வீரரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார்கள். 1954இல் பிறந்த அவர், மணிலாவில் உறவினர் ஒருவரின் பூல் மண்டபத்தில் வளர்ந்த ஏழைச் சிறுவர். மேசைக்கு உயரம் போதாமையால் குளிர்பானப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று ஆடினார். இரவில் அம்மேசையின் மீதே உறங்கினார். 1985இல் அமெரிக்கா சென்றபோது, தம் பெயரை அங்குள்ளோர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதனால் சீசர் மொராலெஸ் என்னும் வேறு பெயரில் ஆடி வென்றார். பக்தாத் வீதிகளில் மாறுவேடத்தில் உலவிய கலீபா ஹாரூன் அல் ரஷீதின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1999இல் அவர் உலக வெற்றிவீரரானார். மந்திரவாதி என்பது இரசிகர்கள் அவருக்கு இட்ட பெயர்.

நினைவு இவ்வாறு இனிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கரைவலையில் பட்ட மீன், சந்தைக்குப் போகும்போது ஒரு முழம். சந்தையிலிருந்து கதை திரும்பி வரும்போது மூன்று முழம். வீரர்களைப் பற்றிய கதைகளும் அப்படியே வளர்கின்றன. கேட்டவன் கண்டவனாகிறான், கண்டவன் பக்கத்தில் நின்றவனாகிறான். அன்பினாற் கூட்டிச் சொல்வது குற்றமா என்று கேட்கலாம். குற்றமே எனலாம், ஏனெனில் ஒரு பொய் வெளிப்பட்டால் அதனோடு சேர்ந்த உண்மையையும் உலகம் ஐயுறும். 859 என்னும் எண்ணுக்கு எவரும் ஒன்றைக் கூட்ட வேண்டியதில்லை. ஒரு செய்தியின் பெறுமதி அதனைச் சொன்னவரின் நேர்மையையும், அவருக்கு அதனை அறிவித்தவரின் நேர்மையையும் பொறுத்தது என்பது, மத்ரஸாக்களில் கிதாபு ஓதிய மக்களுக்குப் புதிதன்று. யார் கண்டார், யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று வரிசையாக விசாரித்தே செய்தியை ஏற்ற அறிவு மரபு அவர்களுடையது. அதே கவனத்தை ஒரு விளையாட்டு வீரனின் புகழைக் காப்பதிலும் செலுத்தினால் என்ன?

இதற்குக் காலம் அதிகம் இல்லை. லாபீர் 1981இல், ஐம்பது வயதளவில் காலமானார். அப்போது ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியிருக்கவில்லை. அது தொடங்கியது 1982இல். ஆகவே, பிற்கால வீரர்களைப் போல வீடுதோறும் திரையில் தோன்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1973இல் இருபது வயது இளைஞராயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். பத்திரிகைத் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தோரும் இருந்திருப்பர். ஆனால் 2004 டிசெம்பர் 26இல் எழுந்த கடல் இக்கரையின் வீடுகளோடு பெட்டிகளையும் படங்களையும் கடதாசிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. போனவை போக எஞ்சியிருப்பது முதியோரின் நாவு ஒன்றே. அதுவும் மௌனமாகிவிட்டால், இலங்கையின் முதல் உலக வெற்றிவீரர் அட்டவணையில் ஒரு வரியாக மட்டுமே எஞ்சுவார்.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. பாடசாலை விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் தன் வாப்பும்மாவிடமோ, அப்பாவிடமோ, அடுத்த வீட்டு முதியவரிடமோ சென்று மூன்று கேள்விகள் கேட்கலாம். லாபீர் வென்ற செய்தி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? நேரில் கண்டீர்களா, வானொலியில் கேட்டீர்களா, வாசித்தீர்களா? அன்று ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள்? விடையைச் சொன்னபடியே எழுதி, சொன்னவரின் பெயரையும் எழுதிய திகதியையும் கீழே இடவேண்டும். ஒன்றும் நினைவில்லை என்று ஒருவர் சொன்னால் அதனையும் அப்படியே எழுதலாம், அதுவும் உண்மையே. இவ்வாறு நூறு கொப்பிகள் சேர்ந்தால் அது ஒரு சிறு நூலகம். உதைபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானம் தேடும் இளைஞர் கழகங்களும், ஊர் வாசிகசாலைகளும் இதற்கு ஓர் அலுமாரியை ஒதுக்கித் தருவது கடினமன்று.

பம்பாயில் அன்று நடுவர் ஒவ்வோர் அடிக்கும் புள்ளியை உரக்கக் கூறினார். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தவர் ஒருவர் இருந்ததனாலேயே 859 இன்றும் எல்லார்க்கும் தெரிகிறது. கேட்டவர்களின் நினைவையும் அவ்வாறே எழுதி வைக்கும் பொறுப்பு, இப்போது பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முதியவர்கள் திண்ணையில் இருக்கும்போதே அவர்கள் கொப்பியைத் திறந்துகொள்ளட்டும்.