இடியா, இறைவன் குரலா?
(யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



சேர்வராயன் மலையில் வாழும் நமக்கு இடியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடை மழைக்கு முன் ஒரு முழக்கம் கேட்டால், காப்பித் தோட்டத்தில் இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஒதுங்க இடம் தேடுவார்கள்.

சீனாய் மலையில் இறைவன் பேசியபோதும் இடி முழங்கிற்று. ஆனால் எலியாஸ் தீர்க்கதரிசிக்கு அவர் புயலிலும் நெருப்பிலும் அல்ல, மெல்லிய ஓசையிலே தம்மை உணர்த்தினார். ஆகவே இறைவன் குரலின் வல்லமை அதன் சத்தத்தில் இல்லை.

மாற்கு நற்செய்தியைப் பாருங்கள். யோர்தானில் வானகக் குரல் இயேசுவிடம் பேசிற்று. அவர் உருமாறிய மலையில் அது சீடர்களிடம் பேசி, அன்பு மகனுக்குச் செவிசாய்க்கப் பணித்தது. கல்வாரியிலோ வானம் மௌனமாயிருந்தது. அங்கே அவரை இறைமகன் என்று அறிக்கையிட்டவன் உரோமை நூற்றுவர் தலைவன்! வானம் சொன்ன உண்மையை மனித வாய் சொல்லத் தொடங்கியது.

புனித அருளப்பர் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சாவை எண்ணிக் கலங்கும் வேளையில் வானிலிருந்து குரல் வருகிறது. சிலர் இடி என்றனர். சிலர் சம்மனசு பேசியதென்றனர். அது தமக்காக அன்று, அவர்களுக்காகவே வந்தது என்றார் ஆண்டவர். யாருக்காக வந்ததோ, அவர்கள் காதில் அது வெறும் ஓசையாகவே விழுந்தது!

நம் முன்னோர் இலத்தீன் பூசையில் பொருள் புரியாமலே பக்தியோடு முழந்தாளிட்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. 1995-இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் வந்தது. இனிப் புரியவில்லை என்று சொல்ல இடமில்லை. ஆனால் மன்னிப்பைப் பற்றிய வாசகத்தைக் கேட்டுவிட்டு, வேலித் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் வீட்டை முகம் திருப்பிக் கடப்போமானால், நமக்கும் அது இடிதானே? பேசும் என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

அன்பர்களே, யூபிலி என்ற சொல்லே ஓர் ஓசையிலிருந்து பிறந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல் அது. 50-ஆம் ஆண்டில் கொம்பு ஊதினால், விற்ற நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்ப வேண்டும் என்பது கட்டளை. விளக்கும் தோரணமும் இவ்விழாவோடு முடிந்துவிடும். இன்று வீடு திரும்பும் வழியில் அந்த அண்ணன் வாசலில் நின்று, நாமே முதலில் ஒரு வார்த்தை பேசினால், கொம்பின் ஓசை நம் ஊரிலும் கேட்டதென்று பொருள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!