நிறமறியா மொழியில் நிறம் தீட்டல்

வண்ணங்களைப் பற்றி வானொலியிற் பேசப் புகுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். காதுக்கு ஏது நிறம்? ஆயினும், நேயர்களே, சி மொழியில் எழுதப்படும் கணிப்பொறி நிரலும் இவ்வானொலியைப் போன்றதே. அதுவும் நிறத்தைக் கண்டதில்லை.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி ஆக்கிய மொழி அது. அதன் பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூறு எழுத்துக்களை வரிசையாக வெளியே அனுப்பும், அவ்வளவே. நிறம் தீட்டுவது அவற்றைப் பெற்றுத் திரையிற் காட்டும் முனையத்தின் வேலை. எழுத்துக்களின் நடுவே 27 என்னும் எண்ணுக்குரிய எஸ்கேப் எழுத்தும், அதையடுத்து ஒரு சதுர அடைப்புக்குறியும் வந்தால், இனி வருவது படிப்பதற்கன்று, கட்டளை என்று முனையம் உணர்ந்துகொள்கிறது. பின்னர் 31 என்ற எண்ணும் எம் என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் வந்தால் சிவப்பு. 32 பச்சை, 33 மஞ்சள். 0 வந்தால் பழைய நிலை. இந்த 0-ஐ மறந்தால், நிரல் முடிந்த பின்னரும் சிவப்பு நீடிக்கும். அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது போல.

பத்தி பிரித்து எழுதும்போதுதான் உண்மைத் தொல்லை. ஒரு பெயரைப் பத்து இடத்துக்குள் அமைக்கச் சொன்னால், பிரிண்ட்எஃப் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் சேர்த்தே எண்ணுகிறது. சிவப்புக் குறிக்கு 5, மீட்கும் குறிக்கு 4. ஆக 9 இடம் வீண். பத்திகள் கோணிப்போகின்றன. ஆகவே நிறக்குறிகளைப் பெயரோடு ஒட்டாமல், அகலம் கூறும் குறிக்கு இருபுறமும் வெளியே வைக்கவேண்டும். தமிழுக்கும் இதே சங்கடம் உண்டு. யு.டி.எஃப்-8 முறையில் 'அம்மா' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை அது 15 என்று எண்ணும்!

வெளியீடு திரைக்குச் செல்லாமல் கோப்புக்குச் சென்றால் குறிகள் குப்பையாய்த் தங்கிவிடும். யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் இஸ்-எ-டி-டி-ஒய் என்னும் செயற்கூற்றைக் கேட்டறிந்து, முனையம் இருந்தால் மட்டும் நிறம் பூசலாம்.

இவையெல்லாம் அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். இரவில் கோப்புகளைப் படியெடுத்து வைக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். படியெடுத்தவற்றின் பெயர் பச்சை, தவறியவை சிவப்பு. வேறு சொல் ஏதுமில்லை. காலையில் அப்பட்டியலைப் பார்த்துவந்த நண்பர், எல்லாம் நலம் என்றே நாள்தோறும் குறித்துவந்தார். ஒரு நாள் பழைய கணக்கொன்று தேவைப்பட்டது, படி இல்லை. நான் சினந்து திரையைச் சுட்டிக் காட்டினேன். "ஐயா, எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிகின்றன" என்றார் அவர். வட ஐரோப்பிய வழியினரான ஆடவரில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் சிவப்பையும் பச்சையையும் செவ்வனே பிரித்தறியாதவர் என்று நான் எங்கோ படித்திருந்தேன். என் பக்கத்து மேசையில் அப்படி ஒருவர் இருப்பார் என்று எண்ணவில்லை.

அன்று மாலையே நிரலைத் திருத்தினேன். தவறிய பெயருக்கு முன்னால் இப்போது 'தவறியது' என்னும் சொல் நிற்கிறது. சிவப்பையும் விட்டுவைத்தேன், அது எனக்காக.