கைக்கெட்டும் தட்டு

பொம்மையார்பாளையம் போன்றதொரு கடலோர ஊரில், ஒரு பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கு வராவிடின் என்ன நேரும்? பாடம் முன்னே போய்விடும். திரும்பி வரும் பிள்ளை கடைசி வரிசையில் வாய்மூடி அமரும்.

இதற்கொரு விடை ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவாயிற்று. அதனைத் தழுவிய செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டுக் கைக்கெட்டும் தட்டுகளில் வைக்கப்பட்டது. ஏணிப்படியைப் பார்த்துப் பிள்ளை தனக்குரிய அட்டையைத் தானே எடுத்தது. எழுதும் கரும்பலகையும் அதன் உயரத்திலேயே இருந்தது. விடுப்பு முடிந்து வந்தால், விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது, வெட்கத்திற்கு இடமிருக்கவில்லை.

இதனால் ஆசிரியர்க்கு வேலை குறைந்தது என்பார் வகுப்பறையைக் கண்டிலர். ஒரு குழு அவர் துணையோடும், ஒரு குழு தோழர் துணையோடும், ஒரு குழு தனித்தும் பயின்றன. எவரும் கல்லாமலே அட்டையைக் கடந்துவிடாதபடி காப்பது, முன்னின்று பாடம் உரைப்பதினும் கடினம். பிள்ளைகள் மிகுந்து ஆசிரியர் ஒருவரேயானால் முறை நிலைகுலையும். கிழிந்த அட்டையை மாற்ற ஆளில்லாத இடத்திலும் அப்படியே.

பள்ளிக்கு நூல் வழங்க எண்ணுவோர், முதலில் அங்குள்ள தட்டின் உயரத்தைப் பார்த்து வருக. பூட்டிய பீரோக்கள் ஏற்கெனவே போதிய அளவில் உள்ளன.