பலகையா? வாசலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, புதுக்கோட்டைப் பெருமக்களே!

பொறியியல் துறைக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது புதுப்பெயரா, திறந்த வாசலா? எதிரணித் தலைவர் சொன்னார், "துறையோட பேரை ஸ்டைலா மாத்துங்க. பிள்ளைங்களும் வருவாங்க, பணம் கொடுக்கிற கம்பெனியும் வரும்!"

ஐயா, எங்க தெருவுல ஒரு இட்லிக்கடை. வியாபாரம் படுத்துப்போச்சு. 'இட்லி பேலஸ்'னு பலகையை மாத்தினார். மறுநாள் போனேன். பலகை புதுசு, சாம்பார் பழசு! (சிரிப்பு)

கிண்டிக் கல்லூரியைப் பாருங்கள். 1794-ல் நில அளவைப் பள்ளி. 1859-ல் பொறியியல் கல்லூரி. 1978-ல் பல்கலைக்கழகத்தின் அங்கம். எத்தனை பெயர் மாற்றம்! ஆனால் முதல் பெண் உள்ளே வந்தது எப்போது? 1940-ல். பள்ளி தொடங்கி 146 வருஷம் கழித்து!

யார் அவர்? லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். இடுப்பில் கைக்குழந்தை. அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். மகளுக்காகக் கேட்டார். முதல்வர் சாக்கோ சம்மதித்தார். லலிதா எலக்ட்ரிகல் படித்தார். திறந்த கதவு வழியே லீலம்மா ஜார்ஜும் தெரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள்.

பட்டம் கொடுக்கிற நேரம். சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருக்கிறது! அதை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். தமிழ் வாத்தியார் சொல்கிறேன், அங்கே துறையின் பெயர் மாறவில்லை. ஒரே ஒரு சுட்டுப்பெயர் மாறியது. தெரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறைக்கே தலைமைப் பொறியாளர் ஆனார்! (கைதட்டல்)

இது நம்ம ஊருக்குப் புதுசா? ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். பெயர்ப்பலகையைத் தொடவில்லை. நமக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கிடைத்தார்.

2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் வந்தது. கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஏழரைன்னா நாம சனியை நினைச்சுப் பயப்படுவோம். இந்த ஏழரை குரு பார்வை! (சிரிப்பு)

போன வருஷம் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள், "ஐயா, நான் மெக்கானிக்கல் எடுக்கலாமா? ஊர்ல சிரிக்கிறாங்க." துறையின் பேரு அழகா இருக்கான்னு அவள் கேட்கவில்லை. எனக்கு அங்கே இடம் இருக்கான்னு கேட்டாள்.

'இருக்கும்மா, வா' என்று சொல்லி நன்றாகக் கற்றுக்கொடுக்கிற துறையைப் பிள்ளைகள் தேடி வருவார்கள். அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கம்பெனி வரும். பணமும் பின்னாலேயே வரும். ஆகவே நடுவர் அவர்களே, பெயிண்ட் டப்பாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டு, அமர்கிறேன்.