சென்று சேர்ந்ததா?

(அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்கிறோம். “புரிஞ்சுது சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்? கடலில் இதே கேள்விக்கு எப்படி விடை கண்டார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1912 ஏப்ரல் 14 இரவு. வழியில் பனிப்பாறைகள் இருப்பதாக மெசாபா என்ற கப்பல் டைட்டானிக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியது. ‘கிடைத்தது, நன்றி’ என்று பதிலும் வந்தது. ஆனால் அந்தச் செய்தி தந்தி அறையைத் தாண்டிக் கப்பலைச் செலுத்திய அதிகாரிகளிடம் போய்ச் சேரவில்லை என்றே கருதப்படுகிறது. கப்பல் மோதியபோது, அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் ஒரே தந்தி இயக்குநர் உறங்கச் சென்றிருந்தார். சுமார் 1,500 உயிர்கள் போயின.

பிற்காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே வந்த ரேடியோ டெலக்ஸ் முறையைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு குறிகள். அவற்றில் நான்கு ஒரு வகை, மூன்று மற்றொரு வகை. பெறும் கருவி எண்ணிப் பார்க்கும். 4, 3 என்ற கணக்கு மாறினால் பிழை என்று தெரிந்துகொள்ளும். மூன்று எழுத்துகளை அனுப்பியதும் அனுப்பும் கருவி நின்று காத்திருக்கும். ‘சரி’ என்று பதில் வந்தால் அடுத்த மூன்று. வராவிட்டால் அதே மூன்று மீண்டும்.

வானிலை எச்சரிக்கை எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவானது. 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாவ்டெக்ஸ் என்ற பெயரில் ஒலிபரப்பாகிறது. அத்தனை கப்பல்களும் பதில் சொல்ல முடியாது. எனவே ஒவ்வோர் எழுத்தும் சிறு இடைவெளி விட்டு இருமுறை அனுப்பப்படுகிறது. ஒரு மின்னல் இரைச்சல் முதல் முறையைக் கெடுத்தாலும் இரண்டாவது தப்பிவிடும்.

இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். நான்கு புளியங்கொட்டை, மூன்று கூழாங்கல். வரிசையை மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மாணவர் ‘இரைச்சலாக’ நின்று ஒன்றை மாற்றட்டும். தொடக்கநிலைக் குழந்தைகள் எண்ணியே பிழையைக் கண்டுபிடிப்பார்கள். மொத்தம் 35 அடுக்குகள் வரும் என்பதை மேல்வகுப்பு மாணவர்கள் சேர்வுகள் பாடத்தின் வழியே கணக்கிடலாம். கொட்டையையும் கல்லையும் இடம் மாற்றி வைத்தால் எண்ணிக்கை மாறாது, பிழை தெரியாது. அப்போது என்ன செய்வது? அந்தக் கேள்வியை அவர்களிடமே விடுங்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. கொஞ்சம் சொல்வோம், நிறுத்துவோம், சரிபார்ப்போம். “புரிஞ்சுது சார்” என்பது ‘கிடைத்தது, நன்றி’ மட்டுமே. மாணவர் தம் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லும்போதுதான் செய்தி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது. எல்லாரையும் தனித்தனியே கேட்க இயலாத பெரிய வகுப்பு என்றால், முக்கியக் கருத்தைச் சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை சொல்வோம்.