கிருபையிலிருந்து பிறக்கும் சேவை

தகுதி பாராமல் இறைவன் தாமாக முன்வந்து மனிதருக்குக் காட்டும் அன்பையே கிறிஸ்தவம் கிருபை என்கிறது. ஒருவர் நல்லவராகி, அதன்பின் இறைவனால் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை; முதலில் ஏற்றுக்கொள்ளப்படுகிறார், அதன் பயனாக நன்மை செய்யத் தொடங்குகிறார். இந்த வரிசைதான் கிறிஸ்தவச் சேவையின் அடித்தளம். தொண்டு இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அன்று. இலவசமாகப் பெற்ற இரட்சிப்புக்குச் செலுத்தும் நன்றி.

எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 2ஆம் அதிகாரம் இதைத் தெளிவாக வைக்கிறது. இரட்சிப்பு கிருபையால் வருவது, கிரியைகளால் அல்ல, ஆகவே பெருமை பாராட்ட யாருக்கும் இடமில்லை என்று அது முதலில் சொல்கிறது. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே விசுவாசிகள் உருவாக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அதை ஒட்டியே வரும் வசனம் சொல்கிறது. நற்கிரியை வேர் அல்ல, கனி.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இதே வரிசை ஒரு நிகழ்ச்சியாகவே நடக்கிறது. புழுதி வழிகளில் நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவுவது அந்நாளில் அடிமைகளின் வேலை. சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசு பந்தியிலிருந்து எழுந்தார். மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார். சற்று நேரத்தில் காட்டிக்கொடுக்கப் புறப்படவிருந்த யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். பேதுரு காலை நீட்ட மறுத்தார். கழுவ விடாவிட்டால் தம்மிடத்தில் பங்கில்லை என்று இயேசு சொன்ன பிறகே இணங்கினார். ஒருவர் கால்களை ஒருவர் கழுவ வேண்டும் என்ற கட்டளை இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் வருகிறது. கொடுக்கப் போகிறவர் முதலில் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்க வேண்டியிருந்தது.

பெற்றதை மறந்தவனின் நிலையை மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமை காட்டுகிறது. ஓர் ஊழியக்காரன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து, கூலியாள் ஒருவரின் பல ஆண்டு உழைப்புக்குச் சமம். அரசன் மனமிரங்கி அத்தனையையும் தள்ளிவிட்டான். வெளியே வந்த ஊழியக்காரனோ, தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் தள்ளினான். மன்னிப்பைப் பெற்றும் மனம் இளகாதவன் அதை உள்ளபடி பெறவே இல்லை என்பது உவமையின் கருத்து.

இந்தச் சிந்தனையை மார்ட்டின் லூதர் 1520இல், கிறிஸ்தவரின் சுதந்திரம் பற்றிய தம் நூலில் விரித்துரைத்தார். விசுவாசி விசுவாசத்தாலேயே நீதிமானாகிறார். ஆகவே தன் இரட்சிப்புக்காக அவர் எந்தக் கிரியையையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை. அந்தக் கவலை தீர்ந்தபடியால் அவருடைய உழைப்பு முழுவதும் அயலாருக்கு உரியதாகிறது என்பது லூதரின் வாதம். ஏழை இனிப் புண்ணியம் சேர்ப்பதற்கான வழி அல்ல. தன் பொருட்டே நேசிக்கப்பட வேண்டிய மனிதர்.

தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை உருப்பெற்ற இடங்களில் ஒன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இதை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர்; இளமையில் மிஷனரியாக விரும்பாதவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அதை இறைவனின் அழைப்பாக ஏற்ற ஐடா, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார்; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே தாம் வந்ததாக இயேசு கூறியதே கல்லூரியின் குறிக்கோள் வாசகம். அதே வசனத்தின் பிற்பகுதி, அவர் பலருக்காகத் தம் உயிரையே மீட்கும்பொருளாகக் கொடுப்பதைச் சொல்கிறது. சேவைக்கான அழைப்பும் கிருபையின் செய்தியும் ஒரே வசனத்தில் இணைந்திருக்கின்றன.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, செயல்படும் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். உணர்ச்சி மரத்த கையில் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். ஊரார் தொட அஞ்சிய கைகளை மருத்துவர் பிடித்து, ஒவ்வொரு விரலாகச் சோதித்து, மறுபடி வேலைக்குப் பழக்கினார். தகுதி கேளாத அன்பு இங்கே மருத்துவத் திறமையாக வெளிப்பட்டது.

கிருபை இலவசம் என்பதால் வாழ்க்கை மாறத் தேவையில்லை என்ற எண்ணமும் சபையில் தலைகாட்டியதுண்டு. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் இதை மலிவான கிருபை என்று கண்டித்தார். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபம் முன்பே எச்சரித்திருந்தது.

கிருபையால் தூண்டப்பட்ட சேவைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. அது கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை, செய்பவரே கடன்பட்டவர். அது உதவி பெறுபவரைத் தாழ்வாகப் பார்ப்பதில்லை, இருவரும் பெற்றுக்கொண்டவர்களே. பாராட்டு இல்லாதபோதும் அது நின்றுவிடுவதில்லை. செய்பவர் பெறவேண்டியதை முன்னதாகவே பெற்றுவிட்டார்.