பாட்டைக் கேட்கிறோமா, பாடுபவரைப் பார்க்கிறோமா?

(இசைக் காணொளிகள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், 'பாட்டுக் காணொளிகளைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்' என்று ஆணித்தரமாகச் சொன்னார். கைதட்டலும் கிடைத்தது. பெற்றோரின் கவலையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால், தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த நான்கு நிமிடப் படம் எப்படிச் செய்யப்படுகிறது, அதில் பாடுபவரை எந்தக் கோணத்தில் நமக்குக் காட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டாமா?

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி அமெரிக்காவில் எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. நாள் முழுவதும் பாட்டுக் காணொளிதான். அதற்கு முன்பும் இத்தகைய படங்கள் இருந்தன. 1975இல் குவீன் குழுவினரின் 'பொஹீமியன் ராப்சடி' வந்தது. ஆனால் அதற்கென்றே ஓர் அலைவரிசை வந்த பிறகுதான் பேராசிரியர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் பார்த்தவர்கள் பலர் சினிமா ஆய்வுக் கண்ணோடு பார்த்தார்கள். 'கதை இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது, நேரம் காலம் குழம்புகிறது' என்றார்கள். 1992இல் ஆண்ட்ரூ குட்வின் ஒரு புத்தகம் எழுதி, நீங்கள் எல்லாரும் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காதை மூடிக்கொண்டீர்கள் என்ற பொருளில் வாதிட்டார். பாட்டின் தாளமும் பல்லவி திரும்பி வருவதும்தான் அந்தத் துண்டுகளைக் கட்டிப் போடுகின்றன என்பது அவர் கருத்து. எனக்கு இது சரியாகவே படுகிறது. பல்லவி மூன்று முறை வருவதைக் குறை சொல்லாத நாம், அதே காட்சி மூன்று முறை வருவதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

குட்வின் சொன்னவற்றுள் முக்கியமானது, சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவு. காட்சி பாட்டின் சொல்லை அப்படியே படம் போட்டுக் காட்டலாம். சொல்லுக்குப் புதுப்பொருள் சேர்க்கலாம். சொல்லுக்கு நேர் எதிராகவும் போகலாம்.

இந்தக் கடைசி வகைக்கு மடோனாவின் 1985ஆம் ஆண்டுக் காணொளியான 'மெட்டீரியல் கேர்ள்' நல்ல சான்று. மேரி லாம்பர்ட் என்ற பெண் இயக்கியது. பாட்டு, பணம் உள்ளவனைத்தான் விரும்புவேன் என்கிற பெண்ணின் பாட்டு. காட்சியில் மடோனா இளஞ்சிவப்பு உடையில், கோட்டு சூட்டுப் போட்ட ஆண்கள் சூழ ஆடுகிறார். அது 1953இல் மர்லின் மன்றோ நடித்த படத்திலிருந்து அப்படியே எடுத்தது. பார்ப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்பதற்காகவே எடுத்தது. ஆனால் அந்த ஆட்டம் முழுவதும் படத்துக்குள் ஒரு படப்பிடிப்பு. மேடையை விட்டு இறங்கிய நடிகைக்கோ விலையுயர்ந்த நகை பிடிக்கவில்லை; சாதாரணப் பூங்கொத்தோடு வருகிறவனைப் பிடித்துப் போகிறது. அவன் ஏழையா என்றால் அதுவும் இல்லை! பணக்காரத் தயாரிப்பாளர், ஏழை வேடம் போட்டு, பழைய லாரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்து நிற்கிறார். கேலிக்குள் கேலி. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எடுத்தும் என்ன ஆயிற்று? 'மெட்டீரியல் கேர்ள்' என்ற பெயர் மடோனாவுக்கே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பூங்கொத்து மறந்து போனது. இளஞ்சிவப்பு உடை நின்றுவிட்டது.

ஏன் அப்படி நின்றது? பதிவு நிறுவனத்துக்குக் காணொளி என்பது விளம்பரம். முகத்துக்கு அருகில் கேமரா போக வேண்டும், அந்த முகம் மனத்தில் பதிய வேண்டும், கடையில் இசைத்தட்டு விற்க வேண்டும். ஒரு தொப்பி, ஒரு கையுறை, ஒரு முடியலங்காரம் என்று அடையாளம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். எடுத்த செலவில் ஒரு பங்கைப் பாடகரின் வருமானத்திலேயே கழித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. தன்னை விற்கும் விளம்பரத்துக்குத் தானே பணம் கட்டுவது என்றால் பாருங்கள்! ரிச்சர்ட் டையர் 1979இலேயே, நட்சத்திரம் என்பவர் பிறப்பதில்லை, நிறுவனங்களும் ஊடகங்களும் சேர்ந்து செய்கிற பிம்பம் என்று விளக்கியிருந்தார்.

யாருக்கு அந்தப் பிம்பம் கிடைக்கும் என்பதும் கேள்விதான். தொடக்க ஆண்டுகளில் எம்டிவியில் கறுப்பினப் பாடகர்கள் மிகவும் அரிது. 1983இல் டேவிட் போவி, பேட்டி எடுக்க வந்த எம்டிவி தொகுப்பாளரிடமே, ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். அதே ஆண்டில்தான் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அந்தத் திரைக்கு வந்தது.

இனி, இங்குள்ள தாய்மார்களின் கவலைக்கு வருகிறேன். லாரா மல்வி 1975இல் திரைப்படத்தைப் பற்றி எழுதினார்: ஆண் பார்க்கிறவன், பெண் பார்க்கப்படுகிறவள், கேமராவும் அந்த ஆணின் கண்ணோடு சேர்ந்துகொள்கிறது. 1986இல் ராபர்ட் பாமரின் 'அடிக்டட் டு லவ்' இதற்குப் பாடம் நடத்துவது போல் வந்தது. பின்னால் ஐந்து பெண்கள், ஒரே கறுப்பு உடை, ஒரே சிவப்பு உதடு, வாத்தியம் வாசிப்பது போல் பாவனை. ஐவருக்கும் தனி முகமே இல்லை. 1999இல் ஷனாயா ட்வெயின் அதைத் திருப்பிப் போட்டார்: அவர் முன்னால் பாட, பின்னால் ஒரே மாதிரி ஆண்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் ஆட்கள் மாறினார்களே தவிர அலங்காரப் பொருளாக நிறுத்தும் வழக்கம் மாறவில்லை.

அப்படியானால் அருகில் போகும் கேமரா எல்லாமே கெடுதலா? இல்லை. 1990இல் சினேட் ஓகானர் பாடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யு' காணொளியைப் பாருங்கள். பெரும்பகுதி ஒரே முகம். ஒட்ட வெட்டிய தலை, கறுப்பு உடை, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள், பிறகு வழியும் கண்ணீர். இறந்துபோன தாயை நினைத்து அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். நிறுவனம் கேட்ட முகம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் அந்த முகம் நம்மைத் திருப்பிப் பார்க்கிறது. மல்வியின் சூத்திரத்தில் இதற்கு இடம் போதாது என்பேன்.

(நம் சினிமாப் பாட்டில் பாடுகிறவர் ஒருவர், வாயசைப்பவர் இன்னொருவர் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் வேறு மாதிரி வரும். அதற்குத் தனிக் கருத்தரங்கே வைக்கலாம்.)

தடை செய்யலாமா என்று தலைவர் கேட்டார். கைப்பேசி பிள்ளைகளின் கையில் இருக்கிறது; யார் தடுப்பது? கொரியக் குழுக்களின் ரசிகைகள், எந்த உறுப்பினர் எத்தனை வினாடி திரையில் வந்தார் என்று எண்ணிப் பட்டியல் போடுகிறார்கள். நாம் நினைப்பதைவிடக் கூர்மையாகவே பார்க்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து, ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டும் ஒரே பாட்டா என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாடகி சியா, புகழ் வேண்டாம் என்று முகத்தைப் பொய்முடிக்குள் மறைத்துக்கொண்டார். 2014இல் வந்த 'சாண்டிலியர்' காணொளியில் அதே முடியை அணிந்து அவருக்குப் பதிலாக ஆடியவர் மேடி சீக்லர். ஆட்டம் அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரியவர் பார்க்கப்பட விரும்பாத இடத்தில் நிறுத்தப்பட்ட அந்தச் சிறுமிக்கு அப்போது வயது 11. இதைப் பற்றி அரங்கில் உள்ள இளையோர் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். தலைவர் மணியடித்துவிட்டார்.